முடிவு தெரிந்த வழக்கு: பெர்ரி மேசனை ஏன் இன்னும் பார்க்கிறார்கள்?

சாட்சியிடம் வக்கீல் ஒரு கேள்வி கேட்கிறார். குரல் உயரவில்லை. சாட்சி பதில் சொல்கிறார். அடுத்த கேள்விக்குப் பதில் கொஞ்சம் தடுமாறுகிறது. வக்கீல் இரண்டடி முன்னால் வந்து, பார்வையாளர் வரிசைப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, மூன்றாவது கேள்வியைக் கேட்கிறார். பதில் சாட்சியிடமிருந்து வரவில்லை. பின்வரிசையில், அதுவரை நாம் சரியாகக் கவனிக்காத ஒருவர் எழுந்து, "போதும், நான்தான் செய்தேன்" என்று உடைந்து போகிறார்.

இந்தக் காட்சியை எங்கோ பார்த்த ஞாபகம் இருக்கிறதா? இருக்கும். எந்த மொழிப் படமானாலும் கோர்ட் சீன் என்றதும் நம் மனது எதிர்பார்ப்பது இதைத்தான். இதை வாராவாரம் வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்து பழக்கமாக்கியது 'பெர்ரி மேசன்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர். சிபிஎஸ் அலைவரிசையில் 1957 செப்டம்பர் 21 சனிக்கிழமை இரவு தொடங்கி, 1966 மே 22 வரை ஒன்பது சீசன்கள், 271 எபிசோடுகள். ஒன்றே ஒன்றைத் தவிர எல்லாம் கறுப்பு வெள்ளை.

கதாநாயகன் ஜெயிப்பான் என்று முதல் நிமிடமே தெரியும். யார் மேல் கொலைப்பழி விழுகிறதோ அவர் கொல்லவில்லை என்பதும் தெரியும். அப்படியிருந்தும் அறுபது, எழுபது வருடம் கழித்து மறுஒளிபரப்பில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து நகரில் ஓர் உள்ளூர் சேனல் பல பத்தாண்டுகளாக மதியம் பன்னிரண்டு மணிக்கு இதைப் போட்டுக்கொண்டிருந்தது. முடிவு தெரிந்த ஒரு கதையில் அப்படி என்னதான் இருக்கிறது?

முதலில் ஆட்களைப் பார்த்துவிடலாம். ஊர் லாஸ் ஏஞ்சலஸ். பெர்ரி மேசன் குற்றவியல் வக்கீல், நடித்தவர் ரேமண்ட் பர். அவருடைய செயலாளர் டெல்லா ஸ்ட்ரீட், நடித்தவர் பார்பரா ஹேல். வேண்டிய தகவலை ஓடியாடிக் கொண்டுவரும் தனியார் துப்பறிவாளர் பால் டிரேக். எதிர்த்தரப்பில் இரண்டு பேர்: கொலைப்பிரிவு போலீஸ் அதிகாரி டிராக், மாவட்ட அரசு வக்கீல் ஹாமில்டன் பர்கர். தொடரின் பெரும்பகுதிக்கு இந்த ஐந்து பேர்தான் அச்சாணி. யாருடைய குடும்பத் தகராறும் கதைக்குள் வருவதில்லை. மேசன் ராத்திரி எங்கே தூங்குகிறார் என்பதுகூட நமக்கு முக்கியமில்லை. இன்றைய தொடர்களில் வக்கீலுக்கு ஒரு குடிப்பழக்கம், ஒரு விவாகரத்து, அப்பாவோடு ஒரு பழைய கோபம் என்று ஏதாவது வைத்தாக வேண்டும். மேசனுக்கு வழக்கைத் தவிர ஒன்றும் கிடையாது. எனக்கு அது ஒரு பெரிய நிம்மதி.

இந்த மனிதரைப் படைத்தவர் எர்ல் ஸ்டான்லி கார்ட்னர். 1889-ல் பிறந்தவர். சட்டக் கல்லூரியில் நிலைக்கவில்லை. வக்கீல் அலுவலகங்களில் வேலை செய்துகொண்டே சொந்தமாகப் படித்து 1911-ல் கலிபோர்னியாவில் வக்கீலாகப் பதிவு செய்துகொண்டார். ஆக்ஸ்னார்டு என்ற சிற்றூரில் தொழில் செய்தார். அங்கே அவரை நம்பி வந்தவர்களில் பலர், வேறு வக்கீல்கள் சீந்தாத சீனக் குடியேறிகள். பகலில் கோர்ட், இரவில் மலிவு விலைப் பத்திரிகைகளுக்குக் கதை. வார்த்தைக்கு இத்தனை சென்ட் என்று கூலி. அவருடைய கதாநாயகர்கள் கடைசித் தோட்டாவில்தான் எதிரியை வீழ்த்துவார்களாம். ஏன் என்று கேட்டதற்கு, 'டுமீல்' என்று ஒவ்வொரு தரம் எழுதும்போதும் காசு வருகிறதே, துப்பாக்கியில் தோட்டா மிச்சமிருக்கச் சண்டையை முடிக்க எனக்கென்ன பைத்தியமா என்று சொன்னதாக ஒரு கதை உண்டு.

மேசன் வரும் முதல் நாவல் 1933-ல் வந்தது. எண்பதுக்கும் மேல் எழுதினார். 1930-களில் வார்னர் பிரதர்ஸ் ஆறு படங்கள் எடுத்தது. மேசனை விருந்தும் குடியுமாகக் காட்டிய விதம் கார்ட்னருக்குப் பிடிக்கவே இல்லை. அதனால் தொலைக்காட்சி வந்தபோது உரிமையை விற்றுவிட்டு ஒதுங்காமல், தானும் பங்குதாரராக ஒரு தயாரிப்பு நிறுவனம் வைத்து, கதைகளில் சட்டம் சரியாக இருக்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். தயாரிப்பைத் தலைமையேற்று நடத்திய கெயில் பேட்ரிக் ஜாக்சன் முன்னாள் நடிகை, சட்டம் படித்தவர். இந்த இரண்டு பேரும் இல்லையென்றால் இது இன்னொரு துப்பாக்கித் தொடராகப் போயிருக்கும்.

இனி எபிசோடின் கட்டுமானம். முதல் பாதியில் மேசன் அநேகமாக ஓரமாகத்தான் இருப்பார். நாம் பார்ப்பது ஒரு சின்ன உலகத்தை: ஒரு கம்பெனி, ஒரு பணக்காரக் குடும்பம், ஒரு நாடகக் குழு. அதில் ஒரு ஆள் எல்லோரையும் வதைத்துக்கொண்டிருப்பார். ஒருத்தரை மிரட்டிப் பணம் பறிப்பார், இன்னொருத்தரின் மனைவியோடு தொடர்பு, மூன்றாமவரின் கண்டுபிடிப்பைத் திருடியிருப்பார். இருபது நிமிடத்துக்குள் அவர் செத்துப்போவார் என்று சின்னக் குழந்தையும் சொல்லிவிடும். சாவார். பிணத்தின் பக்கத்தில், கையில் துப்பாக்கியோடோ வாயில் ஒரு பொய்யோடோ, மாட்டக்கூடாத ஒரு ஆள் மாட்டிக்கொண்டு நிற்பார். அவர்தான் மேசனின் கட்சிக்காரர். இரண்டாம் பாதி முழுக்கக் கோர்ட்.

இந்தக் கோர்ட்டில்தான் புதிதாகப் பார்ப்பவர்கள் கவனிக்காமல் விடும் ஒரு விஷயம் இருக்கிறது. அமெரிக்கக் கோர்ட் என்றால் குற்றவாளியா இல்லையா என்று சொல்லப் பொதுமக்களிலிருந்து எடுத்த பன்னிரண்டு ஜூரிகள் உட்கார்ந்திருக்க வேண்டுமே? இந்தத் தொடரில் பெரும்பாலும் ஜூரி ஆசனங்கள் காலி. ஏனென்றால் அங்கே நடப்பது கொலை வழக்கின் விசாரணையே கிடையாது. அதற்கு முந்தைய படியான பூர்வாங்க விசாரணை. இந்த ஆளை விசாரணைக் கூண்டில் ஏற்ற முகாந்திரம் இருக்கிறதா என்று ஒரு நீதிபதி தனியாகப் பார்த்துச் சொல்லும் இடம். குற்றவாளியா இல்லையா என்பது அங்கே முடிவாகாது. நம் நாட்டிலும் 1973-ல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் வருவதற்கு முன்பு, கொலை வழக்கு செஷன்ஸ் நீதிமன்றத்துக்குப் போகுமுன் மாஜிஸ்திரேட் முன்னால் கிட்டத்தட்ட இதேபோல ஒரு விசாரணை உண்டு. பழைய வக்கீல்களைக் கேட்டால் சொல்வார்கள்.

பூர்வாங்க விசாரணையைப் பிடித்ததில் தயாரிப்பாளர்களுக்கு ஒரு கணக்கும் இருந்தது. பன்னிரண்டு துணை நடிகர்களுக்குச் சம்பளம் மிச்சம். கதைக்கும் அதில் லாபம்: ஜூரியிடம் நீளமாகப் பேசி உருக்க வேண்டியதில்லை, எல்லாம் கேள்வி பதிலிலேயே ஓடும். கொலை நடந்து சில நாட்களே ஆகியிருக்கும் என்பதால், சம்பந்தப்பட்ட எல்லோரும் ஊரிலேயே, அதே அறையிலேயே உட்கார்ந்திருப்பார்கள். உண்மையான கொலையாளி உட்பட.

பூர்வாங்க விசாரணையில் நிரூபிக்க வேண்டிய அளவு மிகக் குறைவு. அரசுத் தரப்பு கொஞ்சம் ஆதாரம் காட்டினாலே வழக்கு அடுத்த கட்டத்துக்குப் போய்விடும். அங்கே ஒரு வக்கீல் தன் கட்சிக்காரரை முழுசாக விடுவித்துக்கொண்டு போவது நிஜத்தில் அபூர்வம். புத்திசாலி வக்கீல் அந்தக் கட்டத்தில் வாயை மூடிக்கொண்டு, எதிராளியின் சீட்டைப் பார்த்து வைத்துக்கொள்வார். மேசன் தன் சீட்டுகள் அத்தனையையும் அங்கேயே விரித்துப்போட்டு ஜெயிக்கிறார்.

அந்தக் கேள்வி பதிலுக்கு வருவோம். சாட்சியை அழைத்த தரப்பே முதலில் கேட்பது முதல் விசாரணை. கோர்ட் வராந்தாவில் 'சீஃப்' என்பார்கள். எதிர்த்தரப்பு அடுத்துக் கேட்பது குறுக்கு விசாரணை, அதாவது 'கிராஸ்'. இரண்டுக்கும் உள்ள முக்கிய வித்தியாசம் ஒன்றுதான். முதல் விசாரணையில் பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்து ஊட்டக்கூடாது. "அப்புறம் என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்கலாம். "நீலச் சட்டைக்காரர் ஓடியதைத்தானே பார்த்தீர்கள்?" என்று கேட்கக்கூடாது. குறுக்கு விசாரணையில் அப்படிக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். சாட்சிக்கு 'ஆமாம்', 'இல்லை' தவிர வேறு வழியே விடாமல் ஒவ்வொரு செங்கல்லாக அடுக்கிக்கொண்டு போவதுதான் அதன் வித்தை.

ஒரு சின்ன உதாரணம். தொடரில் வந்ததில்லை, நானே கட்டியது. கொலை ராத்திரி ஒன்பது மணிக்கு. எதிர்வீட்டு அம்மாள், அந்த நேரத்தில் குற்றம் சாட்டப்பட்டவர் வாசலிலிருந்து ஓடுவதைப் பார்த்ததாகச் சாட்சி சொல்லிவிட்டார். வக்கீல் எழுந்திருக்கிறார்.

"அம்மா, நீங்கள் மொட்டை மாடியில் நின்றிருந்தீர்கள், இல்லையா?"

"ஆமாங்க."

"கொடியில் கிடந்த துணியை எடுக்கத்தான் போனீர்கள்?"

"ஆமாங்க."

"எடுத்துக்கொண்டு வந்து மடித்து வைத்தீர்களா?"

"எங்கேங்க மடிக்கிறது? சொட்டச் சொட்ட நனைஞ்சு போச்சு. திரும்பப் பிழிஞ்சு உள்ளே போட்டேன்."

வக்கீல் உட்கார்ந்துவிடுகிறார். அடுத்து வானிலை அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, அன்றைக்கு மழை பிடித்தது பத்தேமுக்காலுக்கு என்று சொல்வார். அந்த அம்மாள் பொய் சொல்லவில்லை. ஓடியவரைப் பார்த்தது நிஜம். நேரம்தான் தப்பு. அவரை மிரட்டவும் இல்லை, பொய்க்காரி என்று சொல்லவும் இல்லை. நனைந்த துணி ஒன்று போதும். மேசனின் நல்ல எபிசோடுகள் எல்லாம் இப்படி ஒரு துணியில்தான் தொங்கும்: ஒரு கடிகாரம், ஒரு சாவி, ஒரே மாதிரியான இரண்டு துப்பாக்கிகள். கார்ட்னர் வக்கீலாக இருந்ததன் பலன் இது. சாட்சியில் பெரும்பாலானோர் பொய்யர்கள் இல்லை, தப்பாகப் பார்த்தவர்கள் என்பதை அவர் கோர்ட்டில் நின்று தெரிந்துகொண்டவர்.

இதற்கு நடுவில் பர்கர் துள்ளி எழுந்து ஆட்சேபிப்பார். "இன்காம்பிடென்ட், இர்ரெலவென்ட் அண்ட் இம்மெட்டீரியல்!" இதைக் கேட்டால் மந்திரம் மாதிரி இருக்கும், ஆனால் மூன்றும் மூன்று தனி விஷயம். முதலாவது, சட்டப்படி ஏற்கத்தக்க சாட்சியமே இல்லை, யாரோ சொன்னதைக் கேட்டேன் என்பது போல. இரண்டாவது, கேட்கும் விஷயத்துக்கும் அது நிரூபிக்க நினைப்பதற்கும் தொடர்பில்லை. மூன்றாவது, தொடர்பு இருக்கிறது, ஆனால் இந்த வழக்கில் முடிவு செய்ய வேண்டியது அது இல்லை. நீதிபதி பெரும்பாலும் மேசனைப் பார்த்து, இது எங்கே போகிறது என்று கேட்பார். மேசன், இன்னும் ஒரே நிமிடம் கொடுங்கள் என்பார். கொடுப்பார்கள். கொடுக்காவிட்டால் எபிசோடு முடியாதே.

பர்கர் பாவம். வில்லியம் டால்மன் அவரை வில்லனாக நடிக்கவே இல்லை. கடமையைச் செய்யும் நேர்மையான மனிதர், வாராவாரம் தோற்பவர், அவ்வளவுதான். லாஸ் ஏஞ்சலஸில் மாவட்ட அரசு வக்கீல் என்பது தேர்தலில் நின்று ஜெயிக்கும் பதவி. இத்தனை கொலை வழக்குகளில் இப்படித் தோற்றவருக்கு யார் மறுபடி மறுபடி ஓட்டுப் போட்டார்கள் என்பது தொடரின் தீராத மர்மம்.

டால்மனுக்கு நிஜ வாழ்க்கையிலும் ஒரு வழக்கு வந்தது. 1960-ல் ஒரு விருந்தில் போலீஸ் சோதனை, அவர்மேல் ஒழுக்கக்கேட்டுக் குற்றச்சாட்டு. நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டார். ஆனாலும் சிபிஎஸ் அவரை வேலையைவிட்டு நீக்கியது. குற்றம் நிரூபிக்கப்படும்வரை யாரும் குற்றவாளி இல்லை என்று வாராவாரம் ஊருக்குச் சொன்ன தொடரில் இப்படி நடந்தது! பார்வையாளர்கள் கடிதமாக எழுதித் தள்ளினார்கள், கூட நடித்தவர்களும் அவர் பக்கம் நின்றார்கள். சில மாதங்களில் பர்கர் திரும்பிவந்து, விட்ட இடத்திலிருந்து தோற்க ஆரம்பித்தார்.

மேசன் தோற்றதே கிடையாதா? உண்டு. 1963-ல் வந்த 'தி கேஸ் ஆஃப் தி டெட்லி வெர்டிக்ட்' என்ற எபிசோடு, ஜூரி 'குற்றவாளி' என்று சொல்வதில்தான் தொடங்குகிறது. மேசனின் கட்சிக்காரப் பெண்ணுக்கு மரண தண்டனை. தண்டனை நிறைவேறுவதற்குள் உண்மையைக் கண்டுபிடித்தாக வேண்டும். இப்படித் தோற்ற இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ரேமண்ட் பர் இதற்கு முன்பு திரையில் பெரும்பாலும் வில்லன். ஹிட்ச்காக்கின் 'ரியர் விண்டோ'வில் எதிர்வீட்டு ஜன்னலில் தெரியும் அந்தச் சந்தேகத்துக்குரிய கணவர் இவர்தான். மேசன் தொடருக்குப் பர்கர் பாத்திரம் கேட்டுத்தான் நடிப்புச் சோதனைக்குப் போனார். மேசனாகவும் ஒரு தரம் நடித்துக் காட்ட, அதைப் பார்த்த கார்ட்னர் இவர்தான் ஆள் என்றாராம். வில்லனாகப் பழகிய கண்கள் வக்கீலுக்கு உதவின. பெரிய உடம்பு, மெதுவான நடை, இமைக்காத பார்வை. சாட்சி பேசிக்கொண்டிருக்கும்போது கேமரா மேசன் முகத்துக்குப் போனால், அவர் எதையோ கேட்டுவிட்டார் என்று நமக்குத் தெரியும். எதை என்று தெரியாது. எல்லாரும் பேச்சுக்காகத்தான் கோர்ட் நாடகம் பார்க்கிறார்கள் என்று நினைக்கிறோம். பர்ரைப் பார்த்த பிறகு எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவரிடம் பார்க்க வேண்டியது கவனித்துக் கேட்கிற அழகு.

அந்தக் காலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தொடர் ஓடிய அதே வருடங்களில்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமைகளை ஒவ்வொன்றாக விரித்துக்கொண்டிருந்தது. சட்டவிரோதமாகத் தேடி எடுத்த பொருளை மாநில நீதிமன்றங்களிலும் சாட்சியமாக வைக்கக்கூடாது என்று 1961-ல் ஒரு தீர்ப்பு. காசில்லாதவருக்கு அரசே வக்கீல் வைத்துத் தரவேண்டும் என்று 1963-ல் கிடியன் வழக்கில் தீர்ப்பு. போலீஸ் காவலில் விசாரிக்குமுன் பேசாமலிருக்கும் உரிமையையும் வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமையையும் சொல்லியாக வேண்டும் என்ற மிராண்டா தீர்ப்பு 1966 ஜூன் 13-ல், தொடர் முடிந்து மூன்றே வாரத்தில். தொடரால்தான் தீர்ப்புகள் வந்தன என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் போலீஸ் பிடித்துவிட்டது என்பதாலேயே ஒருவர் குற்றவாளி ஆகிவிட மாட்டார் என்பதை, இரவுச் சாப்பாட்டு நேரத்தில் லட்சக்கணக்கான வீடுகள் ஒன்பது வருடம் பார்த்துப் பழகியிருந்தன. கார்ட்னருக்கு அது வெறும் கதையும் இல்லை. 1948-லிருந்தே, தவறாகத் தண்டிக்கப்பட்டதாகத் தோன்றிய கைதிகளின் வழக்குகளைத் தடயவியல் நிபுணர்களோடு மறுபடி தோண்டும் ஒரு குழுவை அவர் நடத்திவந்தார்.

பார்த்துப் பழகியவர்களில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் வளர்ந்த ஒரு சிறுமியும் உண்டு. துப்பறிவாளர் ஆக ஆசைப்பட்டவர். சிறுவயதிலேயே நீரிழிவு வந்ததால் அந்த வேலைக்குப் போக முடியாது என்றார்கள். மேசனைப் பார்த்து வக்கீல் ஆகலாம் என்று முடிவு செய்தார். அவர் சோனியா சோட்டோமேயர். 2009-ல் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஆனார். நியமன விசாரணையில் மேசனைப் பற்றிச் சொன்னவர், தன் மனதில் தங்கியதாகச் சொன்னது பர்கர் பேசிய ஒரு வசனத்தை: நிரபராதியை விடுவிப்பதும் அரசு வக்கீலின் வேலைதான் என்ற பொருளில் வரும் வசனம். மேசன் தோற்ற வழக்கு எது என்று ஒரு செனட்டர் கேட்க, அவருக்கு ஞாபகம் வரவில்லை.

தொடர் தப்பாகச் சொல்லிக்கொடுத்ததும் உண்டு. குற்றம் சாட்டப்பட்டவரை விடுவிக்க வக்கீல் கொலையாளியைக் கண்டுபிடித்துத் தரவேண்டிய அவசியமே இல்லை. அரசுத் தரப்பின் கதையில் நியாயமான சந்தேகம் இருக்கிறது என்று காட்டினால் போதும். மேசன் அந்தக் கோட்டில் ஒருநாளும் நிற்பதில்லை. உண்மையான ஆளைப் பிடித்து, அவர் வாயாலேயே சொல்லவைத்து, தன் கட்சிக்காரர் மேல் ஒரு சொட்டு சந்தேகம்கூடத் தங்காமல் கழுவித்தான் வீட்டுக்கு அனுப்புவார். நிஜக் கோர்ட்டில் விடுதலையாகிறவர்களுக்கு இது கிடைப்பதில்லை. 'சந்தேகத்தின் பலனை அளித்து' என்று தீர்ப்பில் வரும், ஊர் அந்த மூன்று வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஆயுசுக்கும் பேசும். செய்யாத தப்புக்கு எப்போதாவது பழி சுமந்த எவருக்கும் தெரியும், விடுதலை மட்டும் போதாது. செய்தவர் எழுந்து நின்று நான்தான் என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். சட்டத்தால் தர முடியாத அந்த ஒன்றை மேசன் ஒவ்வொரு வாரமும் தவறாமல் வாங்கித் தந்தார். முடிவு தெரிந்தும் பார்க்கிறோம் என்பதைவிட, முடிவு தெரியும் என்பதால்தான் பார்க்கிறோம் என்று எனக்குப் படுகிறது.

1985-ல் பர்ரும் பார்பரா ஹேலும் நரைத்த தலையோடு திரும்பிவந்தார்கள். 1993-ல் பர் இறக்கும்வரை தொலைக்காட்சிப் படங்களாக அது தொடர்ந்தது. 2020-ல் மேத்யூ ரீஸ் நடிக்க ஹெச்பிஓ ஒரு முன்கதை எடுத்தது. அதில் மேசனுக்குப் போர்க்காயம், கடன், குடி எல்லாம் உண்டு. நன்றாகத்தான் எடுத்திருந்தார்கள். இரண்டு சீசனில் நின்றுவிட்டது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் 271-ஐயும் வரிசையாகப் பார்க்க வேண்டியதில்லை. ஒவ்வொரு எபிசோடும் தனிக் கதை. முதல் சீசனில் எங்கே வேண்டுமானாலும் கை வைக்கலாம். இரவில் தனியாகக் கார் ஓட்டிப்போகும் பெண்ணை முகத்தை மூடிய ஒருவன் துரத்தும் முதல் எபிசோடே, 'தி கேஸ் ஆஃப் தி ரெஸ்ட்லெஸ் ரெட்ஹெட்', நல்ல தொடக்கம். 'டெட்லி வெர்டிக்ட்'டை மட்டும் முதலில் பார்த்துவிடாதீர்கள். ஒரு பத்து எபிசோடு முடித்து, மேசன் ஜெயிப்பது உங்களுக்குப் பழகிப்போன பிறகு போடுங்கள். ஜூரி உள்ளே வரும்போது டெல்லாவின் முகத்தைக் கவனியுங்கள்.